அண்டங்காக்கையின் இறகா?

சென்ற ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு, நானும் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேரனும் திருவள்ளுவர் சிலைக்கு அருகே சற்று நின்றோம். மரத்தடியில் கிடந்த ஓர் இறகை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். நீளமான இறகு. நிழலில் பார்த்தபோது கன்னங்கரேலென்று இருந்தது.

"தாத்தா, பாருங்க! ரேவன் இறகு!" என்றான்.

ரேவன் பெங்களூரில் இல்லை என்றேன். அவன் விடுவதாக இல்லை. "அகராதியில பார்த்தேன் தாத்தா. ரேவன்னா அண்டங்காக்கைன்னு போட்டிருக்கு. அண்டங்காக்கை நம்ம மொட்டை மாடிக்கே தினம் வருதே. அப்போ ரேவன் நம்ம ஊர்லயும் இருக்குன்னுதானே அர்த்தம்?"

தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டு, இறகை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். "காகே அல்ல சார், ஹத்து" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். காக்கை அல்ல, பருந்து என்பது அவர் தீர்ப்பு. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று முழுவதும் அந்த ஓர் இறகை வைத்துக்கொண்டு தாத்தாவும் பேரனும் பெற்ற பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அகராதி செய்த குழப்பம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரேவன் என்பது காக்கைக் குடும்பத்திலேயே மிகப் பெரிய பறவைகளில் ஒன்று. அலகு நுனி முதல் வால் நுனி வரை 60 செ.மீ.க்கு மேல் இருக்கும். எடை ஒரு கிலோவைத் தாண்டும். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய குளிர் நாடுகளில் பரவலாக வாழ்கிறது. லண்டன் கோபுரக் கோட்டையில் குறைந்தது ஆறு ரேவன்கள் இல்லாவிட்டால் அரசே வீழ்ந்துவிடும் என்ற நம்பிக்கையால், இன்றும் அவற்றை அங்கே வளர்த்து வருகிறார்கள். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ 1845ல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதையின் தலைப்பே இந்தப் பறவையின் பெயர்தான்.

இந்தியாவிலும் ரேவன் உண்டு. ஆனால் ராஜஸ்தான், பஞ்சாப் முதலிய வடமேற்குப் பகுதிகளின் வறண்ட நிலங்களிலும், லடாக், சிக்கிம் போன்ற இமயத்தின் உயர்ந்த மலைப் பகுதிகளிலும் மட்டுமே. விந்தியத்துக்குத் தெற்கே அது வாழும் பறவை அல்ல.

நம் முன்னோர் பார்த்த காக்கைகள் இரண்டுதான். கழுத்தில் சாம்பல் நிறம் பூத்த ஊர்க்காக்கை ஒன்று. உடல் முழுதும் கருத்து, தடித்த அலகும் கரகரத்த குரலும் கொண்ட அண்டங்காக்கை மற்றொன்று. ஆங்கில நூல்களை மொழிபெயர்க்க வந்தவர்களுக்கு 'பெரிய கரிய காக்கை' என்றதும் அண்டங்காக்கையே நினைவுக்கு வந்தது; அகராதியிலும் அப்படியே ஏறிவிட்டது. தமிழ் விவிலியத்தில் நோவா பேழையிலிருந்து வெளியே விட்ட ரேவன் வெறும் 'காகம்' ஆகிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பார்த்திராத பறவைக்கு எந்த மொழியில்தான் தனிப்பெயர் இருக்கும்? ஆனால் அகராதியை நம்பி ஒரு சிறுவன் ரேவனைப் பெங்களூருக்குக் கொண்டு வந்துவிட்டான் அல்லவா? தவறான பெயர் ஒரு முறை எழுத்தில் ஏறிவிட்டால், அதை இறக்குவது எளிதன்று.

இறகு பேசும் மொழி

வீட்டுக்கு வந்ததும் பழைய செய்தித்தாளை விரித்து இறகை அதன் மேல் வைத்தோம். பறக்க உதவும் இறகுகள் மூன்று வகை. சிறகின் நுனிப்பகுதியில், அதாவது பறவையின் 'கை'யில் முளைப்பவை முதல்நிலை இறகுகள். காக்கைக்கு ஒவ்வொரு சிறகிலும் இவை பத்து. 'முழங்கை'ப் பகுதியில் முளைப்பவை இரண்டாம்நிலை இறகுகள். மூன்றாவது, வால் இறகுகள். இவை காக்கைக்குப் பன்னிரண்டு.

கையில் கிடைத்தது எந்த வகை என்று அறிய நடுத்தண்டின் இருபுறமும் உள்ள தகடுகளைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மிகக் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருந்தால் அது முதல்நிலை இறகு. குறுகிய பக்கம்தான் காற்றைக் கிழித்துச் செல்லும் முன்விளிம்பு. இரண்டாம்நிலை இறகில் இந்த வேறுபாடு குறைவு. நுனியும் அகன்று காணப்படும். வாலின் நடு இறகில் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். எங்கள் இறகில் ஒரு பக்கம் விரற்கடை அகலம்கூட இல்லை. அதோடு, நுனியை நோக்கிப் பாதி தூரம் போனதும் தகடு திடீரென்று ஒடுங்கியிருந்தது. வானில் வட்டமிடும்போது சிறகு நுனி விரல்களைப் போலப் பிரிந்து தெரிவது இந்த ஒடுக்கத்தினால்தான். ஆகவே இது சிறகின் வெளிநுனியில் இருந்த முதல்நிலை இறகு.

"இடது சிறகா வலது சிறகா தாத்தா?" என்றான் பேரன். அதற்கும் வழி உண்டு. இறகின் அடிப்புறத்தில் தண்டின் நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடும். மேற்புறம் வழவழப்பாக இருக்கும். மேற்புறம் நம்மைப் பார்க்கும்படி, நுனியை மேலே வைத்துப் பிடித்தால், குறுகிய தகடு இடப்பக்கம் வருமானால் அது வலது சிறகின் இறகு. வலப்பக்கம் வந்தால் இடது சிறகு. எங்களுடையது வலது சிறகு இறகு.

அளவுகோல் சொன்ன செய்தி

அடுத்தது நீளம். பறவை நூல்களில் 'சிறகின் நீளம்' என்று குறிப்பிடுவது, மடக்கிய சிறகின் மணிக்கட்டு முதல் நுனி வரையுள்ள அளவு. ஊர்க்காக்கைக்கு அது ஏறத்தாழ 25 முதல் 28 செ.மீ.; தென்னிந்திய அண்டங்காக்கைக்கு 28 முதல் 32 செ.மீ.; ரேவனுக்கு 40 செ.மீ. அளவில். இந்த அளவில் கை எலும்பும் சேர்ந்திருப்பதால், தனியே விழும் மிக நீண்ட இறகுகூட இதைவிடச் சில செ.மீ. குறைவாகத்தான் இருக்கும்.

எங்கள் இறகை ஸ்கேல் வைத்து அளந்தோம். 33 செ.மீ. அப்படியானால் ஊர்க்காக்கையும் அண்டங்காக்கையும் அந்த நொடியிலேயே விலகிக்கொண்டன. குயில் ஆணும் கருப்புதான், கரிச்சானும் கருப்புதான். ஆனால் அவை காக்கையைவிடச் சிறியவை.

பேரன் முகம் மலர்ந்தது. "அப்போ ரேவன்தான்!" என்றான். அளவை மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி. இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். நாம் எதைக் காண விரும்புகிறோமோ, அதற்குச் சாதகமான முதல் சான்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறோம். மேலைநாட்டில், ரேவனும் காக்கையும் சேர்ந்து வாழும் இடங்களில் உள்ளவர்களே நீளத்தை மட்டும் நம்புவதில்லை. ரேவனின் உட்பக்கத்துச் சிறிய இறகும், பெரிய காக்கையின் வெளிப்பக்கத்து நீண்ட இறகும் ஒரே அளவில் இருக்கக்கூடும். எந்த இடத்து இறகு என்று முதலில் அறிந்த பிறகே நீளம் பொருள் தரும்.

வெயிலில் வெளுத்த சாயம்

இறகை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். நிழலில் கருப்பாக இருந்தது வெயிலில் பழுப்பாகிவிட்டது! காக்கையின் சிறகு இறகும் ரேவனின் இறகும் வெயிலில் நீலமும் ஊதாவும் கலந்து மினுமினுக்கும். தண்டு முதல் விளிம்பு வரை ஒரே கருமை. இதிலோ மினுமினுப்பு இல்லை. அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது அகன்ற தகட்டில் குறுக்கே மங்கலான பட்டைகள் தெரிந்தன. அடிப்பக்கம் வெளிறிக் காணப்பட்டது.

காக்கைக்கும் ரேவனுக்கும் இப்படிப் பட்டைகள் கிடையா. பெங்களூர் வானத்தில் நாள் முழுதும் வட்டமிடும் ஒரு பறவைக்கு உண்டு. அதுதான் கரும்பருந்து, கள்ளப்பருந்து என்றும் சொல்வோம். சிவாஜிநகர் இறைச்சிக் கடைகளுக்கு மேலே பார்த்தால் கூட்டமாகச் சுற்றும். அதன் சிறகு நீளம் ஏறத்தாழ 45 செ.மீ. கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்தாக இருந்தால் இறகு செம்மண் நிறமாகவும் நுனி மட்டும் கருப்பாகவும் இருந்திருக்கும். ஆகவே இது கரும்பருந்தின் வலது சிறகில் வெளிப்பக்கத்து இறகு. இளநீர்க்காரர் ஒரே பார்வையில் சொன்னதை நாங்கள் மூன்று மணி நேரம் செலவழித்துக் கண்டுபிடித்தோம்.

இறகைப் படித்த அம்மையார்

இதெல்லாம் வேலையில்லாதவர் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு பயணி விமானம் கிளம்பிய சில விநாடிகளிலேயே கடலில் விழுந்து 62 பேர் மாண்டார்கள். எஞ்சினில் கிடைத்த கருகிய இறகுத் துணுக்குகள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவை ஸ்டார்லிங் என்ற, நம் மைனா இனத்தைச் சேர்ந்த சிறு பறவையின் இறகுகள் என்று கண்டறியப்பட்டது. அந்தப் பணியில் ஈடுபட்ட ராக்ஸி லேபோர்ன் என்ற அம்மையார், இறகின் அடியில் உள்ள பஞ்சு போன்ற இழைகளை உருப்பெருக்கியில் பார்த்துப் பறவை இனத்தைக் கண்டறியும் கலையை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். எந்தப் பறவை மோதுகிறது என்று தெரிந்தால்தானே எஞ்சினை எவ்வளவு உறுதியாகச் செய்வது, விமான நிலையத்துக்குள் அந்தப் பறவை வராமல் எப்படித் தடுப்பது என்று திட்டமிட முடியும்?

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல முயற்சி நடந்து வருகிறது. 2021ல் அகமதாபாத்தைச் சேர்ந்த ஈஷா முன்ஷி என்ற கட்டடக்கலைஞரும், பறவை மருத்துவரான ஷெர்வின் எவரெட்டும் சேர்ந்து 'இறகு நூலகம்' ஒன்றைத் தொடங்கினார்கள். சிகிச்சைக்கு வந்து பிழைக்காமல் இறந்துபோன பறவைகளின் சிறகு, வால் இறகுகளை வரிசை மாறாமல் அடுக்கி, அளவு குறித்து, படமெடுத்து, யாரும் கணினியில் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த இறகுகளைப் பாதுகாத்து வைத்திருப்பது எங்கே தெரியுமா? நம் பெங்களூரில், பல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில்தான்! கையில் கிடைத்த இறகை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளாலும் முடியும். நாங்களும் கரும்பருந்தின் படத்தை வைத்துப் பார்த்துத்தான் எங்கள் முடிவை உறுதி செய்துகொண்டோம்.

தண்டின் அடி காட்டிய உண்மை

கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "படத்துல அடித்தண்டு கூரா, உருண்டையா இருக்கு தாத்தா. நம்ம இறகுல அது இல்லையே?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். பறவைகள் ஆண்டுக்கு ஒரு முறை இறகு உதிர்க்கும். தானாக உதிர்ந்த இறகின் அடித்தண்டு முழுதாக, நுனி உருண்டு, சுத்தமாக இருக்கும். பூனையோ நாயோ கடித்திருந்தால் தண்டு நசுங்கிப் பிய்ந்திருக்கும். வேட்டைப் பறவை பிடுங்கியிருந்தால் தண்டு பெரும்பாலும் முழுதாக இருக்கும். அலகு அழுத்திய தடம் தெரியலாம். எங்கள் இறகில் அடித்தண்டே இல்லை. பிளேடால் சீவியது போலச் சாய்வாக அறுந்திருந்தது. அறுந்த பிறகும் 33 செ.மீ. என்றால், முழு இறகு இன்னும் நீளம்.

ஆடிக்காற்றில் பெங்களூர்ப் பிள்ளைகள் பட்டம் விடும் காலம் அது. மாஞ்சா நூல் என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். நைலான் போன்ற செயற்கை இழை மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் தடை செய்தது. தடை இருந்தாலும் நூல் மரங்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நூல் மட்கிப் போகாது. பட்டம் போன பின்பும் அது மட்டும் கிளைகளில் நின்றுவிடும்.

அன்று மாலையே இருவரும் மறுபடி அங்கே போனோம். இறகு கிடந்த மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். இருபதடி தள்ளி, ஒரு சுற்றுச்சுவரின் மூலையில் பருந்து உட்கார்ந்திருந்தது. வலது சிறகு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நூல் சுற்றியிருந்தது. காலையில் இளநீர்க்காரர் 'ஹத்து' என்று சொன்னபோதே நின்று கேட்டிருந்தால், அந்தப் பறவை ஒரு பகல் முழுவதும் வெயிலில் தவித்திருக்காது என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இளநீர்க்காரரே ஓர் அட்டைப் பெட்டி கொண்டு வந்தார். பருந்தின் மேல் துண்டைப் போட்டு, கால் நகத்துக்குத் தப்பி, பெட்டிக்குள் விட்டவரும் அவர்தான். வனவிலங்கு மருத்துவமனை ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லி, ஆட்டோவில் கொண்டு சேர்த்தோம். அறுந்த இறகையும் பெட்டியோடு கொடுத்துவிட்டோம்.

அங்கே ஒரு செய்தி தெரிந்துகொண்டேன். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் மறுபடி முளைக்கத் தொடங்கும். பாதியில் அறுந்த இறகு அப்படி வளராது. நம் நகம் போல அது உயிரற்ற பொருள். ஆனால் நகம் போல அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வளர்வதும் இல்லை. எஞ்சிய அடித்தண்டு அடுத்த இறகுதிர் காலத்தில் விழுந்த பின்புதான் புதியது வரும். அதுவரை மாதக்கணக்கில் பறவை காத்திருக்க வேண்டும். வல்லூறு வளர்ப்போர் பல நூற்றாண்டுகளாக இதற்கு ஒரு கைமருத்துவம் வைத்திருக்கிறார்கள். அதே இனத்துப் பறவை உதிர்த்த முழு இறகை எடுத்து, அறுந்த தண்டின் துளைக்குள் ஒரு மெல்லிய குச்சியை வைத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய இறகோடு பறவை பறந்துவிடும். ஆனால் அதற்கு இனம் மாறக்கூடாது. சிறகு இடமா வலமா என்பது மாறக்கூடாது. எத்தனையாவது இறகு என்பதும் மாறக்கூடாது. காலையில் நாங்கள் விளையாட்டாகக் கேட்ட அதே மூன்று கேள்விகள்!

எங்கள் பருந்துக்குத் தோல் காயம் ஆறிவிட்டது. அறுந்த இறகுகள் விழுந்து புதியவை வர இன்னும் சில மாதம் அது அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். பேரன் மாதம் ஒரு முறை தொலைபேசியில் விசாரிக்கிறான்.

நாம் செய்யக்கூடியது

வாசக அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். வழியில் இறகு கண்டால் பக்கத்தில் ஸ்கேலோ, ஒரு பேனாவோ வைத்து இரு புறமும் படமெடுங்கள். இடம், நாள் குறித்துக்கொள்ளுங்கள். இறகை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2021 ஜனவரியில் வட மாநிலங்களில் பறவைக் காய்ச்சலால் காக்கைகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததை மறந்துவிட வேண்டாம். வனவிலங்குச் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊர்க்காக்கை எலியோடு சேர்த்துத் 'தொல்லை தரும் உயிர்' பட்டியலில் இருந்தது. 2022ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. அமாவாசைக்கு நாம் கூவி அழைத்துச் சோறு வைக்கும் விருந்தாளிக்குச் சட்டம் காலந்தாழ்ந்துதான் மரியாதை செய்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டின் அடியைப் பாருங்கள். அறுந்திருந்தால், அண்ணாந்து மரத்தையும் சுற்றிலும் சுவர்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு நகருங்கள்.

பேரனின் நோட்டுப் புத்தகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 'ரேவன்' என்று எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு 'கரும்பருந்து, வலது சிறகு' என்று எழுதி, அதன் கீழே கன்னட எழுத்தில் 'ஹத்து' என்றும் சேர்த்திருக்கிறான். ரேவனைப் பார்க்க ராஜஸ்தானுக்கு எப்போது கூட்டிப்போவீர்கள் என்று இப்போது கேட்கிறான். பார்ப்போம்.